லியாங்–ஜூ காதற்படத்தின் அயல்நாட்டு அரங்கேற்றம்

ஒரு நாட்டார் போற்றும் காதற்கதை அயலார் அவைக்குச் செல்லுங்கால், அதனைக் கொண்டு செல்வோர் ஏதேனும் ஒரு பெயரிட்டே அதனை அறிமுகம் செய்ய வேண்டியுள்ளது. அப்பெயர் பெரும்பாலும் கேட்போர் முன்னரே அறிந்த பெயராக இருக்கும். அதனால் விளையும் ஊதியம் உடனே கண்ணுக்குப் புலனாகும். இழப்போ அத்துணை எளிதிற் புலனாவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்கு ஏற்ற சான்றாக, ‘லியாங் ஷான்போவும் ஜூ யிங்தாயும்’ என்னும் சீன வண்ணத் திரைப்படத்தின் வரலாற்றைக் கொள்ளலாம். 1954-ஆம் ஆண்டில் அப்படம் ஜெனீவா நகரில் கூடிய அரசியல் மாநாட்டின் விருந்தினர் முன்னும், செக்கோசுலோவாக்கிய நாட்டுக் கார்லோவி வாரி நகரின் திரைப்பட விழாவிலும் காட்டப்பெற்றது. மறு ஆண்டில் எடின்பரோ விழாவில் இடம்பெற்றது. ஓரிடத்தில் அது பெற்ற பெயர் மற்றோரிடத்தில் பெற்ற பெயர் அன்று. இவ்வேறுபாட்டினையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் கதையைச் சுருங்கக் காண்போம். கிழக்கு ஜின் மரபினர் ஆண்ட காலத்தில் (317–420), செஜியாங் பகுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது இக்கதை. ஜூ குடும்பத்து மகள் யிங்தாய் கல்வி வேட்கை மிக்கவள். பள்ளியிற் பெண்ணுக்கு இடமில்லாமையால், தந்தையை ஒருவாறு இசைவித்து, ஆணுடை புனைந்து ஹாங்ஜோ நகருக்குச் செல்கின்றாள். வழியில் எதிர்ப்பட்ட லியாங் ஷான்போ என்னும் மாணவனோடு உடன்பிறந்தார் போல உறுதிமொழி கூறி நட்புப் பூணுகின்றாள். மூன்றாண்டுகள் இருவரும் ஒருங்கே பயில்கின்றனர். அவள் பெண் என்பதை அவன் உணர்ந்திலன். தந்தை அழைப்ப அவள் ஊர் திரும்பும் நாளில், பதினெட்டு ‘லி’ தொலைவு அவன் உடன் சென்று விடைகொடுக்கின்றான். தன் தங்கையை அவனுக்கு மணம் பேசுவதாக உரைத்து அவள் பிரிகின்றாள். அத்தங்கை வேறொருத்தி அல்லள், அவளே. ஆசிரியரின் மனைவி வாயிலாக உண்மை உணர்ந்து அவன் விரைந்து வருவதற்குள், தந்தை அவளை மா குடும்பத்தார்க்கு நேர்ந்துவிடுகின்றார். ஷான்போ நோயுற்று இறக்கின்றான். மணவூர்வலம் அவன் கல்லறையருகே வரும்போது புயல் எழுகின்றது, கல்லறை பிளக்கின்றது, அவள் உட்புகுகின்றாள். இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாய்ப் பறந்தனர் என்பது கதையின் முடிபு.

இம்முடிபு தொன்மையானதன்று. தாங் காலத்தனவாகப் பிற்கால நூல்கள் எடுத்துக்காட்டும் குறிப்புகளில் நிலம் பிளந்தது உண்டு, இருவர்க்கும் ஒரே கல்லறை அமைந்ததும் உண்டு, வண்ணத்துப்பூச்சிகள் இல்லை. ஜின் அரசின் அமைச்சர் சியே ஆன் அக்கல்லறைக்கு நெறி பிறழாப் பெண்ணின் கல்லறை எனப் பெயர் வழங்கச் செய்தார் என்பதும் அக்குறிப்புகளுள் ஒன்று. இக்கதை பெற்ற முதற்பெயர் பெண்ணின் நிறையைச் சுட்டி எழுந்தது என்பதனை மனத்திற் கொள்ளுதல் நலம். கதைக்குப் பெயரிடும் அவாவும் ஏறக்குறைய அக்கதை அளவு பழமை வாய்ந்தது போலும்.

இனித் திரைப்படத்திற்கு மூலமான ‘யூயே’ இசைநாடகம் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் அயல்நாட்டார் பலர் இதனை அறியாமலே படத்தைக் கண்டனர். செஜியாங் பகுதியில் ஷெங் என்னும் சிற்றூர் வட்டாரத்து உழவர் பாடிய கதைப்பாட்டினின்று தோன்றியது இக்கலை. 1906-ஆம் ஆண்டில் முதன்முதல் மேடையேறியது. அந்நாளில் நடித்தோர் அனைவரும் ஆடவர். 1917-இல் ஷாங்காய் நகரம் புகுந்தது. 1923-இல் சிறுமியர்க்கெனப் பயிற்சி தொடங்கப்பெற்றது. அதன்பின் இருபதாண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாக மாறி, ஆண் வேடத்தையும் பெண்களே தாங்கும் கலையாக இது வளர்ந்தது. ஷெங் வட்டாரத்தில் பிறந்த யுவான் சுவேஃபென் (1922–2011) பதினோராம் வயதில் குழுவிற் சேர்ந்தவர். 1942-இல் அவர் ஷாங்காயில் நாடகச் சீர்திருத்தம் தொடங்கினார். எழுதி முடித்த நாடகப் பனுவல், ஒழுங்கான ஒத்திகை, இயக்குநர், காட்சியமைப்பு ஆகியவற்றைப் புகுத்தினார். 1946-இல் லூ சுன் எழுதிய கதையொன்றைத் தழுவி ‘சியாங்லின் மனைவி’யை மேடையேற்றினார். அதே ஆண்டில் தெருவில் கயவன் ஒருவன் அவர் மீது மலத்தை வீசிய கொடுமையும் நிகழ்ந்தது. பெண்கள் மேடையில் அரசாண்டனர் என்று மகிழ்வோர், மேடைக்கு வெளியே அவர்கள் பட்டதனையும் எண்ணுதல் வேண்டும்.

அவரோடு ஆண் வேடம் தாங்கிய ஃபான் ருய்ஜுவான் (1924–2017) அவ்வட்டாரத்தவரே. 1945-இல் இக்கதையின் பழைய வடிவம் ஒன்றை இருவரும் நடித்தபொழுது, ஷான்போ இறக்குந் தறுவாயிற் பாடும் பகுதிக்கென ஃபான் புதிய பண்ணமைதி ஒன்றைக் கண்டார். ஆணின் துயரத்தைத் தாழ்ந்த குரலிற் பாடுவதற்கு ஏற்ற அப்பண்ணமைதி பின்னர் யூயே கலைக்கே பொதுவுடைமை ஆயிற்று. எனவே, திரையில் ஷான்போ பாடுங்கால் நாம் கேட்பது ஒரு பெண் ஆண்குரலுக்கெனத் தேடிக் கண்ட இசையாகும்.

1949-க்குப் பின் இந்நாடகம் புதியதொரு சூழலிற் புகுந்தது. 1950-ஆம் ஆண்டு மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், பெற்றோர் வலிந்து முடிக்கும் மணத்தை விலக்கி, மணமக்களின் விருப்பத்தை அடிப்படையாக்கிற்று. ஊர்தோறும் அச்சட்டத்தை விளக்கும் இயக்கம் 1953-இல் முனைந்து நடந்தது. தந்தை நேர்ந்த மணத்தை மறுத்துக் கல்லறை புகுந்த யிங்தாயின் கதை அவ்வியக்கத்துக்கு எவ்வளவு இயைந்தது என்பதனை விளக்க வேண்டுவதில்லை. 1952-இல் பெய்ஜிங்கில் நடந்த முதல் அனைத்துச் சீன இசைநாடக விழாவில் இந்நாடகம் பரிசு பெற்றது. யுவான் சுவேஃபென்னுக்கு மெய் லான்ஃபாங் முதலிய முதுபெருங் கலைஞரோடு ஒருங்கு வைத்துச் சிறப்புப் பரிசு வழங்கப்பெற்றது. பழங்கதைகளில் மூடநம்பிக்கை யாது, அழகிய புனைவு யாது என்னும் சொற்போர் அக்காலச் சீன நாடகத் துறையில் நிகழ்ந்துகொண்டிருந்தது. பேயும் பிசாசும் பல நாடகங்களினின்று நீக்கப்பெற்ற அந்நாளில், வண்ணத்துப்பூச்சிகள் எவ்விதமோ தப்பின. அவை நீக்கப்பட்டிருப்பின் இப்படத்தைப் பற்றி இன்று எழுதுவார் சிலரே இருப்பர்.

படத்தை எடுத்தது ஷாங்காய் திரைப்பட நிலையம். இயக்கியோர் சாங் ஹூவும் ஹுவாங் ஷாவும். சாங் ஹூ 1947-இலேயே எழுத்தாளர் சாங் ஐலிங் எழுதிக் கொடுத்த நகர வாழ்க்கைக் காதற்படங்களை இயக்கித் தேர்ந்தவர். மேடைக்கலையின் இலக்கணத்தை மீறாமல் காமிராவை நெருங்கச் செலுத்தும் அளவறிவு அவரிடத்து இருந்தமைக்கு அப்பயிற்சியே காரணம் எனக் கருதுகின்றோம். மெய் லான்ஃபாங் நடித்து 1948-இல் வெளிவந்த படமே சீனாவின் முதல் வண்ணப்படம். புதிய குடியரசு தோன்றியபின் எடுக்கப்பெற்ற வண்ண நாடகப்படங்களுள் முதலாவது ‘லியாங்–ஜூ’வே.

நிற்க. ஜெனீவா நிகழ்ச்சியைக் காண்போம். கொரியாவையும் இந்தோசீனாவையும் பற்றி ஆராய 1954 ஏப்பிரல் 26 தொடங்கிச் சூலை வரை நடந்த அம்மாநாடு, சீனக் குடியரசு கலந்துகொண்ட முதற் பெரும் பன்னாட்டு மாநாடாகும். ஐக்கிய நாடுகள் மன்றத்தில் அதற்கு அன்று இடமில்லை. 1971 வரை இடமில்லை. தூதுக்குழுவின் தலைவர் சூ என்லாய். செய்தித்துறையைக் கவனித்தவர் சியோங் சியாங்ஹுய். அங்கு நிகழ்ந்தவற்றைச் சியோங் பின்னாளில் நினைவுக் குறிப்பாக எழுதினார். முதலில் வெளிநாட்டு இதழாளர்க்குத் தேசிய நாள் அணிவகுப்பைக் காட்டும் செய்திப்படம் திரையிடப்பெற்றது. சீனா படைவலிமையை நாடுகின்றது என்று ஒருவர் கூறக் கேட்ட சூ என்லாய், ‘லியாங்–ஜூ’வைக் காட்டப் பணித்தார். சியோங் கதையையும் பாடல்களையும் விளக்கிப் பதினைந்து பக்கங்கட்கு மேற்பட்ட கைந்நூல் ஒன்றை அணியம் செய்ய முற்பட்டார். அதனைச் சூ என்லாய் ஏற்கவில்லை. இப்படத்தை அயலார்க்குக் காட்டுவது மாட்டின் முன் யாழ் மீட்டுவது போலும் என்று சியோங் சீன முதுமொழி ஒன்றைச் சொல்ல, குற்றம் மாட்டினுடையதன்று, மீட்டுவோன் முறையினுடையது என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். நம் நாட்டார் செவிடன் காதில் ஊதிய சங்கு என்பர். அங்கும் சங்கின்மீது பழி சுமத்துவார் இல்லை. அழைப்பிதழில் ஒரு தொடர் மட்டும் போதும் என்பது சூ என்லாயின் முடிபு: இது சீனாவின் ரோமியோவும் ஜூலியட்டும். அவ்வாறு செய்து படம் வெற்றி பெறாவிடின் தாம் ஒரு புட்டி மௌதாய் மது தருவதாகவும் அவர் பந்தயம் கட்டினார் என்பர்.

காட்சி நடந்தது. சில நிமிட ஆங்கில முன்னுரைக்குப்பின் படம் ஓடிற்று. ஏறத்தாழ 250 இருக்கைகள் நிரம்பின என்றும், அவை அசையாது இருந்தது என்றும், கண்ணீர் விட்டோர் உளர் என்றும், ஷேக்ஸ்பியர் நாடகத்தினும் இஃது உருக்கமுடையது என ஓர் அமெரிக்கர் கூறினார் என்றும் அந்நினைவுக் குறிப்பு உரைக்கின்றது. அப்பொழுது சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த சார்லி சாப்ளினுக்கும் படம் காட்டப்பெற்றது. அவர் அதனைப் பாராட்டினார் என்று சீனர் எழுதியுள்ளனர்.

இச்செய்திகளை எவ்வளவு நம்பலாம்? விருந்தளித்தவரே விருந்தின் சுவைக்குச் சான்று கூறுகின்றார். அதுவும் பல்லாண்டுகட்குப் பின். பாராட்டுரைகளை அவ்வாறே எடை போடுதல் வேண்டும். ஆயினும் கைந்நூல் விலக்கப்பட்டு ஒப்புமைத் தொடர் இடம்பெற்றது என்னும் பகுதியை ஐயுற வேண்டா. அது சியோங்கிற்குப் பெருமை சேர்ப்பதன்று. தம் முயற்சி தள்ளப்பட்டதனைத் தாமே கூறுகின்றார். தமக்கு மாறானதனைத் தாமே மொழிவார் கூற்று வலிமை உடையது.

அவ்வொப்புமைத் தொடர் செய்தது யாது? அது கதையைச் சொல்லிற்று என்று பலர் எழுதுகின்றனர். எம் கருத்து அதுவன்று. அது கதையைச் சொல்லவே இல்லை. எத்தகைய மெய்ப்பாட்டோடு இருக்கையில் அமர வேண்டும் என்பதனை மட்டுமே சொல்லிற்று. அழப் போகின்றோம் என்று முன்னரே அறிந்து வந்தவர்க்கு மொழி தடையாகவில்லை. பதினைந்து பக்க விளக்கம் அறிவைத் தரும்; அழுகைக்கு வேண்டுவது அறிவன்று. இந்நுட்பத்தை உணர்ந்தமையே சூ என்லாயின் திறம்.

ஆனால் கதைகளை அடுத்தடுத்து வைத்து நோக்கின், ஒப்புமை கல்லறை வாயிலில் மட்டுமே நிற்கின்றது. ரோமியோவும் ஜூலியட்டும் பகைபூண்ட இரு குடும்பத்தார். லியாங், ஜூ குடும்பங்களிடையே பகை யாதும் இல்லை. அங்கே காதல் முதற் காட்சியில் எழுகின்றது. ஈங்கு மூன்றாண்டுக் கல்வித் தோழமையில் ஒருபுறம் மட்டும் வளர்கின்றது, மற்றவன் அறியான். ஜூலியட் பள்ளி சென்றவள் அல்லள். யிங்தாயின் முதல் விழைவு காதலன்று, கல்வி. இதுவே பெருவேறுபாடு என்போம். காதலனைத் தேடிப் புறப்பட்டவள் அல்லள் அவள். நூலைத் தேடிப் புறப்பட்டவள். ‘சீனாவின் ஜூலியட்’ என்றவுடன் மறைவது அப்பள்ளிக்கூடமே. மேலும் வியப்பு ஒன்று உளது. ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் ஜூலியட்டாக நடித்தோர் ஆண்பிள்ளைகள். ஜெனீவாத் திரையில் ரோமியோ எனப்பட்டவர் ஒரு பெண். ஜூலியட் எனப்பட்டவரோ ஆணுடை தரித்த பெண்ணாக நடிக்கும் பெண். உருமாற்றத்தின் இவ்விரட்டைச் சுவை, மேடைமரபால் இரு நாடகங்களும் உண்மையாகவே நெருங்கும் இடமாகும். அழைப்பிதழ் அதனைச் சுட்டவில்லை.

ஒப்புமையால் அறவே விளங்காத பகுதி, படத்தின் உயிர்நிலையான பதினெட்டு லி வழியனுப்புதல். யிங்தாய் வழியிற் காணும் ஒவ்வொன்றையும் காட்டித் தன் உள்ளத்தைக் குறிப்பால் உணர்த்துகின்றாள். இணைபிரியா நீர்ப்பறவைகளைக் காட்டித் தான் பெண்ணாயின் அவன் உடன்படுவானோ என வினவுகின்றாள். ஆற்றில் முன்னே ஆண்வாத்தும் பின்னே பெண்வாத்தும் செல்வதனைக் காட்டுகின்றாள். கிணற்றுள் இருவர் நிழலையும் காட்டி, ஆண் ஒன்று பெண் ஒன்று என்கின்றாள். தன்னைப் பெண் என்றதாகக் கருதி அவன் சினக்கின்றான்! கருணைத் தெய்வமான குவான்யின் கோயிலை அடைந்து, தங்கள் இருவர்க்கும் மணம் நடத்தித் தருமாறு அத்தெய்வத்தை வேண்டுகின்றாள்; ஆணும் ஆணும் மணப்பதா என்கின்றான் அவன். அவையோர் சிரிக்கின்றனர், அச்சிரிப்பே பின்வரும் அழுகையை இருமடங்காக்குகின்றது. தமிழ் மாணவர்க்கு இக்காட்சியைக் கண்டவுடன் உள்ளுறை நினைவுக்கு வரும். மா குடும்பத்தார் வருகை நொதுமலர் வரைவாகத் தோன்றும். தோன்றுதல் இயல்பே. ஆயினும் அகத்திணைத் தலைவன் குறிப்பறியும் ஆற்றல் உடையவன். தோழியும் கேட்டு உணர்வாள். ஈங்கோ குறிப்பு அனைத்தும் உணர்வாரின்றி வீழ்கின்றது. உணர்வோர் அவையோர் மட்டுமே. இதனை அகப்பொருள் என்று பெயரிட்டு அமைவோமாயின் ஜெனீவா அழைப்பிதழ் செய்ததனையே நாமும் செய்தவராவோம். அவ்வொப்புமைக் கோல் நமக்கும் புதியதன்று. எல்லிஸ் டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’ (1937) அதே ஷேக்ஸ்பியர் நாடகத்தின் சாயலில் அமைக்கப்பெற்ற படமாகும்.

ஜெனீவா மாநாடு முடியுமுன்னரே, 1954 சூலையில் கார்லோவி வாரித் திரைப்பட விழா கூடிற்று. போகீமியாவின் வெந்நீர் ஊற்றுகளால் பெயர்பெற்ற அந்நகர் 1946 முதல் விழா நடத்தி வந்தது. சீனா அங்குப் புதிதாகச் சென்றதன்று. 1950-இல் ‘சீனத்து மகளிர்’ என்னும் படமும், ‘ஜாவோ யீமான்’ படத்தின் நடிகை ஷி லியான்சிங்கும் அங்குப் பரிசு பெற்றனர். 1951-இல் ‘வெண்ணரைக் கூந்தற் பெண்’ சிறப்புப் பெற்றது. இவை யாவும் போர், புரட்சி, வறியோர் துயர் பற்றியன. மகளிர் அனைவரும் துப்பாக்கி ஏந்தியோ கொடுமைக்கு ஆட்பட்டோ நின்றவர். அவ்வரிசையில் விசிறியும் நூலும் ஏந்தி யிங்தாய் வந்து நின்றாள். தலைமைப் பரிசை அவ்வாண்டு சோவியத் நாட்டு ‘உண்மை நண்பர்கள்’ படமும், அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் காட்டும் ‘மண்ணின் உப்பு’ம் பகிர்ந்துகொண்டன. ‘லியாங்–ஜூ’வுக்குக் கிடைத்தது இசைப்படத்துக்குரிய பரிசு.

இதனைச் சிறிய பரிசு என்று கருதுவார் உளர். நாம் உடன்படோம். ஜெனீவா இதனைக் காதல் என்றது. தாயகம் இதனைத் திருமணச் சீர்திருத்தம் என்றது. கார்லோவி வாரியோ இசை என்றது. மூன்றனுள் யுவானும் ஃபானும் வாழ்நாளெல்லாம் உழைத்து ஆக்கிய பொருளைத் தொட்ட பெயர் மூன்றாவதே. நடுவர் அதனை அறிந்தே செய்தனரோ, வேறு பகுப்பில் இடமின்மையாற் செய்தனரோ, பெயர் மட்டும் பொருந்திற்று.

எடின்பரோ விழா 1947-இல் ஆவணப்பட விழாவாகத் தொடங்கி வளர்ந்தது. பிரிட்டன் 1950 சனவரியிலேயே சீனக் குடியரசை ஏற்றிருந்தது. ஆயினும் பொறுப்புத் தூதரைப் பரிமாறிக்கொள்ள 1954 வரை ஆயிற்று. அவ்வுடன்பாடு தோன்றிய மறு ஆண்டில், ஷேக்ஸ்பியர் மொழி வழங்கும் நாட்டில், 1955-இல் இப்படம் திரையிடப்பெற்றுச் சிறப்புப் பெற்றது. அரசியல் வாயில் திறந்த அளவே கலைவாயிலும் திறந்தது என்பது இதனால் விளங்கும்.

பின்வரலாறு சுருக்கமானது. ஹாங்காங் நகரில் படம் நெடுநாள் ஓடிற்று. அங்கு வாழ்ந்த செஜியாங், ஷாங்காய் மக்கள்க்கு ஒப்புமை எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1959 மே 27-இல் ஹெ ஜான்ஹாவும் சென் காங்கும் இயற்றிய வயலின் இசைக்கோவை ஷாங்காயில் அரங்கேறியது. யூ லீனா வாசித்தார். யூயே பண்களை மேலைநாட்டு இசைக்குழுவுக்கு ஏற்ப அமைத்த அக்கோவை, சொற்களையே விட்டுவிட்டுப் படத்தினும் தொலைவு சென்றது. 1963-இல் ஹாங்காங்கின் ஷா சகோதரர் நிறுவனத்துக்காக லீ ஹான்சியாங் ஹுவாங்மெய் பண்ணில் இக்கதையை எடுத்தார். அதில் ஷான்போவாக நடித்த லிங் போவும் பெண்ணே. தைபெய் நகரம் அவரைக் காணத் திரண்ட செய்தி பெரிது. தாயகத்திலோ 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் பழங்கதை நாடகங்கள் அனைத்தும் மேடையினின்று விலக்கப்பெற்றன. யுவான் சுவேஃபென் துன்புறுத்தப்பட்டார். ஜெனீவாவில் நாட்டின் முகமாகக் காட்டப்பெற்ற படம், பன்னிரண்டே ஆண்டில் நாட்டுக்குள் காட்டத்தகாதது ஆயிற்று.

2006-இல் லியாங்–ஜூ கதை சீன நாட்டின் பருப்பொருளல்லாப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. கல்லறை உள்ளதாகக் கூறப்பெறும் நிங்போ நகரம் இத்தாலிய நாட்டு வெரோனாவோடு நட்புறவு பூண்டது. வெரோனாவினின்று ஜூலியட் சிலை நிங்போவுக்கு வந்தது; நிங்போவினின்று லியாங்–ஜூ சிலை வெரோனாவுக்குச் சென்றது. அழைப்பிதழின் ஒரு தொடர், அரை நூற்றாண்டுக்குப் பின் கல்லாகவும் வெண்கலமாகவும் அவ்விரு நகரங்களிலும் நிற்கின்றது.